அவங்களைப் பேசச் சொல்லுங்க, அங்கிள்!

போன சனிக்கிழமை நான் வேன் ஓட்டிக்கொண்டே டெலிபோனாகவும் வேலை பார்த்தேன்.

நம்பவில்லையா? ஒரு கையில் ஸ்டியரிங். இன்னொரு கையில் கியர். முன்னால், ஒன்வே என்றால் இரண்டு பக்கமும் போகலாம் என்று நினைத்துக்கொண்டு வாடகை ஸ்கூட்டரில் எதிரே வரும் டூரிஸ்ட்டுகள். பின்னால் இரண்டு பெண் பிள்ளைகள். அவர்களுக்கு நடுவே... நான்.

"அங்கிள், அவங்கள ஜன்னல மூடச் சொல்லுங்க. புழுதி வருது."

இது பின்சீட்டின் இடது ஓரம்.

"ப்பா, எனக்குக் காத்து வேணும்னு சொல்லுப்பா. புழுதி புடிக்கலன்னா அவங்க துப்பட்டாவ மூஞ்சில சுத்திக்கட்டும்."

இது அதே பின்சீட்டின் வலது ஓரம்.

இருவருக்கும் நடுவே ஒரு தண்ணீர் பாட்டில் வைக்கிற இடம்தான் இருந்தது. ஒருத்தி முணுமுணுத்தால் இன்னொருத்திக்குக் கேட்கும். ஆனாலும் செய்தி நேராகப் போகக் கூடாது. என் காது வழியாக வந்து, என் வாய் வழியாகத்தான் போக வேண்டும். சும்மா இருந்து பார்த்தேன். விட்டார்களா?

"அங்கிள், சொன்னீங்களா?"

"சொல்லிட்டேம்மா. கேட்டுச்சாம். மூட முடியாதாம்."

பிள்ளைகளே, உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். கா!

கா விடுவதைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. என் ஸ்கூல் வேனில் காலையில் கா விடுவார்கள், மாலையில் பழம் விடுவார்கள், மறுநாள் பழையபடி கா. ஆனால் அதெல்லாம் எல்கேஜி கூட்டம். பிளஸ் ஒன் படிக்கிற பெண்கள் கா விடுவார்களா என்று கேட்காதீர்கள். நாற்பது வயதுக்காரர்களே விடுகிறார்கள். அதற்கு அவர்கள் 'பேச்சுவார்த்தை இல்லை' என்று கொஞ்சம் கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

வலது ஓரம் என் பெண் தமிழரசி. வீட்டில் அரசி. இடது ஓரம் ஜோஸ்லின். உப்பளம் பகுதியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். எல்கேஜியில் என் வேனில் ஏறிய நாளிலிருந்து இருவருக்கும் ஒரே சீட். டிபன்கூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான். யாருடைய டப்பா காலியாகும் என்பது அன்றைக்கு எந்த வீட்டில் உப்புமா என்பதைப் பொறுத்தது. 'போடி', 'வாடி', 'லூசு' தவிர ஒருத்தி இன்னொருத்தியை வேறு எப்படியும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அந்த இருவர்தான் திடீரென்று 'அவங்க', 'இவங்க' என்கிறார்கள். மரியாதை வந்தால் கொஞ்சம் பயப்படுங்கள், பிள்ளைகளே. நம் ஊரில் கோபம் முற்றிய பிறகுதான் மரியாதையே ஆரம்பிக்கிறது.

சரி, எங்கே போய்க்கொண்டிருந்தோம்? ஸ்பானிஷ் பரீட்சைக்கு.

ஆமாம், ஸ்பானிஷ்தான். நீங்களும் ஆரம்பித்துவிடாதீர்கள். இந்தப் புதுச்சேரியில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. தெருப் பலகையில் பிரெஞ்சு, போலீஸ்காரர் தலையில் பிரெஞ்சுத் தொப்பி, பேக்கரியில் முழ நீளத்துக்கு பிரெஞ்சு ரொட்டி. பிரெஞ்சு தெரியாதவர்கள்கூடத் தெரிந்த தோரணையில் நடக்கிற ஊர் இது. நானே 'மெர்சி' சொல்வேன். அதோடு என் பிரெஞ்சு தீர்ந்துவிடும், ஆனால் சொல்வேன். இப்பேர்ப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெண் ஸ்பானிஷ் படித்தால்? பிரியாணிக் கடைக்குப் போய்த் தயிர்சாதம் கேட்டவளைப் போலத்தான் பார்த்தார்கள்.

என் மனைவியின் தம்பி நேராகவே கேட்டான். "ஃபிரான்ஸ்காரனாவது நம்மள ஆண்டான் மாமா. ஸ்பெயின்காரன் நமக்கு இன்னா பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல. அதான்டா நல்லவனா இருப்பான்னு தோணுச்சு."

உண்மையான காரணம் எனக்கே தெரியாது. "எல்லாரும் பிரெஞ்சு படிக்கிறாங்கப்பா, நான் வேற ஏதாவது படிக்கிறேன்" என்று ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் அரசி வந்து நின்றாள். நான் பத்தாவதோடு நிறுத்தியவன். படிக்கிறேன் என்று பிள்ளை சொன்னால் எதை என்று கேட்டு நிறுத்துகிற தைரியம் எனக்குக் கிடையாது. டவுனில் ஒரு பழைய மாடி வீட்டில் வகுப்பு. கீழே பிரெஞ்சு, மேலே ஸ்பானிஷ். கீழே வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. மேலே விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு ஜோடி அரசியுடையது, ஒரு ஜோடி ஜோஸ்லினுடையது.

ஜோஸ்லின் மேலே ஏறியதுதான் வேடிக்கை. அவர்களுடையது சொல்தா குடும்பம். அதாவது, தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். நம் ஊரில் அப்படிப்பட்ட வீடுகளுக்கு அதுதான் பெயர். குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. வீட்டில் பாதிப் பேச்சு பிரெஞ்சு. அந்த வீட்டுப் பெண் பிரெஞ்சு வகுப்பைத் தாண்டி ஏன் மாடி ஏறினாள்? யாரும் கேட்கவில்லை. நாம்தான் தேவையில்லாததை மட்டும் கேட்கிறவர்கள் ஆயிற்றே!

இனி, கா விட்ட கதை.

இரண்டு வாரம் முன்னால் ஜோஸ்லினின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி சுமதியிடம் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார்.

"அக்கா, எங்க வாஷிங் மெஷின் வேணுமா? நல்லா ஓடுது. வேற யாருக்கோ குடுக்கறதுக்கு உங்களுக்கே குடுத்துடலாம்னு பாக்கறேன்."

"ஏன், புதுசு வாங்கப் போறீங்களா?"

"இல்லக்கா. ஜூன்ல நாங்க எல்லாரும் ஃபிரான்ஸ் போறோம். இனிமே அங்கதான். ஜோஸ்லின் சொல்லலையா?"

அரசி அங்கேதான் இருந்தாள். காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சட்டையை மடித்து முடித்தாள். மறுபடி பிரித்தாள். மறுபடி மடித்தாள். ஜோஸ்லினின் அம்மா போன பிறகு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"அந்த மெஷின் நம்ம வீட்டுக்கு வரக் கூடாது."

மெஷின் என்ன பாவம் செய்தது? சுமதி ஆசையாகத்தான் இருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். துணியைக் கையிலேயே துவைத்துக்கொள்வது உடம்புக்கு நல்லது என்று முடிவு செய்தேன். யார் உடம்புக்கு என்று சுமதி கேட்டாள். அது வேறு கதை.

மறுநாளிலிருந்து பின்சீட்டில் 'அவங்க' தொடங்கியது.

அதே வாரத்தில்தான் ஸ்பானிஷ் மிஸ் ஒரு பாடத்தை நடத்தி முடித்திருந்தார். பெயர், இம்பெர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவ். மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். எனக்கும் முதலில் வேனில் கழன்று விழுந்த ஏதோ ஒரு பார்ட்டின் பெயர் மாதிரிதான் இருந்தது.

"இன்னாடி அது?" என்றாள் சுமதி, வெங்காயம் உரித்துக்கொண்டே.

"இல்லாத ஒண்ண இருக்கற மாதிரி நெனச்சுச் சொல்றதும்மா. 'அப்பாகிட்ட சொந்தமா பத்து வேன் இருந்தா'ன்னு சொல்றோம்ல, அந்த மாதிரி."

"அதுக்கு ஒரு பாடமா? கல்யாணமான நாள்லேர்ந்து இந்த வீட்டுல நான் அததான சொல்லிட்டிருக்கேன்!"

உங்களுக்கும் சொல்லித்தருகிறேன், பயப்படாதீர்கள். பேசுவதற்கு ஸ்பானிஷில் அப்லார். அது ரெகுலர் வெர்ப். அதாவது சொன்ன பேச்சைக் கேட்கிற ஒழுக்கமான வினைச்சொல். 'அவர்கள் பேசினார்கள்' என்பதற்கு அப்லாரோன். அதன் வாலில் இருக்கிற ரோனை வெட்ட வேண்டும். ரா ஒட்ட வேண்டும். அப்லாரா! முன்னால் 'சி' என்று ஒன்றைச் சேர்த்தால், பேசினால். பேசப்போவதில்லை, ஆனாலும் ஒருவேளை பேசினால். அப்புறம் ஆளுக்குத் தகுந்த மாதிரி வால் மாறும். நான் அப்லாரா, நீ அப்லாராஸ், அவள் அப்லாரா, நாங்கள் அப்லாராமோஸ், நீங்கள் அப்லாராய்ஸ், அவர்கள் அப்லாரான்.

அரசி இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. சிக்னலில் நிற்கும்போது 'அப்லாராமோஸ்' என்று முணுமுணுத்தேன். பக்கத்து ஆட்டோக்காரர், "இன்னா அண்ணே, மந்திரமா?" என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம். "அரசி, மொதல்ல வந்த ஆளே மூணாவதா திரும்ப வர்றாரே?"

"நானுக்கும் அவளுக்கும் ஒரே வார்த்ததான்ப்பா."

"அட... அப்ப நீ பேசினா இன்னா, அவ பேசினா இன்னா? ரெண்டும் ஒண்ணுதான்னு ஸ்பெயின்லயே முடிவு பண்ணிட்டாங்க பாரு."

புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அறிவுரையை ஜோக் மாதிரி சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள் என்று யாரோ என்னிடம் சொல்லியிருந்தார்கள். அவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பாடம் முடிந்தால் வாய்மொழிப் பரீட்சை. ஜோடி ஜோடியாக. ஜோடிக்கு ஒரு வினைச்சொல். அதை வைத்துக்கொண்டு, இன்னது செய்தால் இன்னது ஆகும் என்று ஒருவரோடு ஒருவர் 'ஆல்', 'ஆல்' போட்டுப் பேச வேண்டும். ஒரு ஜோடிக்குச் 'சாப்பிடு' வந்தது. ஒரு ஜோடிக்குக் 'குடி'. அரசிக்கும் ஜோஸ்லினுக்கும்?

'பேசு.'

மிஸ்ஸுக்கு இவர்கள் கா விட்டது தெரியாது. தெரிந்தேதான் கொடுத்திருப்பார் என்று சுமதி சத்தியம் செய்கிறாள்.

ஜோடியில் ஒருத்தி வாய் திறக்காவிட்டாலும் இருவருக்கும் மார்க் கிடையாது. மார்க் கிடக்கட்டும். எனக்கு வேறு கவலை. ஜூனில் ஒருத்தி விமானம் ஏறிவிடுவாள். இங்கே இரண்டு தெரு தூரத்தில் இருக்கும்போதே பேசாதவர்கள், நடுவில் கடலும் வந்தபிறகா பேசப்போகிறார்கள்? எல்கேஜியிலிருந்து ஒரே சீட்டில் வந்த இருவர் 'அவங்க'வோடு பிரிந்துபோனால், அந்தச் சீட்டைத் தினமும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டப்போவது யார்? நான்தானே!

புதன்கிழமை சாயங்காலம் ஒத்திகை. அம்மா துரத்திவிட்டதால் ஜோஸ்லின் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அரசி ஃபிரிட்ஜை ஒட்டி உட்கார்ந்தாள். நடுவில் எனக்கு ஒரு ஸ்டூல். ஐ.நா. சபையில்கூட இப்படி ஒரு சீட் கிடைக்காது.

ஜோஸ்லின் என்னைப் பார்த்துச் சொன்னாள். "சி எயா அப்லாரா கோன்மீகோ..."

"அப்டின்னா?"

"அவங்க என்கிட்ட பேசினா..."

"பேசினா?"

"நான் காரணத்த சொல்வேன்."

ஸ்டூலில் அப்படியே திரும்பினேன். "அரசி, நீ பேசினா அவ காரணத்த சொல்வாளாம்."

"கேட்டுச்சுப்பா. காது நல்லாத்தான் இருக்குன்னு சொல்லு."

"அத ஸ்பானிஷ்ல சொல்லணும்டி. பரீட்சை."

அரசியும் என்னைப் பார்த்து ஒரு 'சி எயா அப்லாரா' சொன்னாள். அவங்க முதலில் பேசினால், இவள் யோசிப்பாளாம்.

"யோசிக்க எவ்ளோ நாள் ஆகும்னு கேளுங்க அங்கிள்."

"ஜூன் வரைக்கும் ஆகும்னு சொல்லுப்பா."

கழுத்து வலித்தது. அந்த நேரம் பார்த்துச் சுமதி டீ கொண்டுவந்து என் கையில் தட்டைத் திணித்தாள். "ஏங்க, அவங்க ரெண்டு பேரையும் டீ எடுத்துக்கச் சொல்லுங்க!"

இவளுமா?

எங்கே கற்றுக்கொண்டார்கள் இந்தப் பிள்ளைகள் என்று கேட்பீர்கள். வேறு எங்கே? எங்களிடம்தான். அரசி தொட்டிலில் கிடந்தபோது, பேச்சுக்கூட வராத அந்தக் குழந்தையிடம், "உங்கப்பாவ வர்றப்ப பால் வாங்கிட்டு வரச் சொல்லு" என்பாள் சுமதி. நானும் தொட்டிலைக் குனிந்து, "உங்கம்மாகிட்ட சில்லற இல்லன்னு சொல்லு" என்பேன். குழந்தை இரண்டு பக்கமும் சிரிக்கும். எவ்வளவு நல்ல டெலிபோன்! உங்கள் வீட்டில் இல்லையா? கையைத் தூக்காதீர்கள், நம்புகிறேன். இந்த ஊரில் பிரெஞ்சு தெரியும், இங்கிலீஷ் தெரியும், தமிழ் தெரியும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். இத்தனை மொழியையும் எதற்கு வைத்திருக்கிறோம்? எதிரே இருக்கிறவரோடு பேசாமல், பக்கத்தில் இருக்கிறவரோடு பேசத்தான்.

ஒத்திகையை எப்படியாவது சூடுபிடிக்க வைக்கலாம் என்று, "முன்னாடியே சொல்லியிருந்தா... இத எப்படிச் சொல்றது ஸ்பானிஷ்ல?" என்று எடுத்துக்கொடுத்தேன்.

"அது அடுத்த பாடம்ப்பா. முடிஞ்சுபோனதுக்கு வேற ஃபார்ம். மிஸ் இன்னும் நடத்தல."

நல்லவேளை. நடத்தியிருந்தால் எங்கள் வீடு தாங்கியிருக்காது.

ஜோஸ்லின் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். "போய்ட்டு வர்றேன் அங்கிள்... அவங்ககிட்டயும் சொல்லிடுங்க."

சொன்னேன். அரசி ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே எதையோ தேடினாள். எதையும் எடுக்காமல் மூடினாள்.

இப்படியாகத்தான் சனிக்கிழமை வந்தது. வேனில் புழுதி, ஜன்னல், டெலிபோன். அதுதான் ஆரம்பத்திலேயே சொன்னேனே.

மாடியில் பரீட்சை. ஃபேன் காற்று போதவில்லை என்று கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் நான். உள்ளே மேஜைமேல் லேப்டாப். அதில் ஸ்பெயினிலிருந்து பரீட்சை எடுக்கிற ஒரு அம்மா. நரைத்த முடி, சிவப்பு ஃபிரேம் போட்ட கண்ணாடி. பக்கத்தில் எங்கள் மிஸ். எதிரே, தோளோடு தோளாக, இரண்டு எதிரிகள்.

ஜோஸ்லின் லேப்டாப்பைப் பார்த்து ஆரம்பித்தாள். "சி எயா அப்லாரா..."

அரசியும் லேப்டாப்பைப் பார்த்து, "சி எயா அப்லாரா..."

புரிகிறதா? அவங்க பேசினால் நான் இப்படி, அவங்க பேசினால் நான் அப்படி என்று இரண்டு பேரும் அந்த அம்மாவிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாவம், ஒன்றும் தெரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார். என் வேலை கடல் கடந்து அவருக்குப் போய்விட்டது. எனக்கோ கழுத்து வலி விட்டது போலிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஏதோ கேட்டார். மிஸ் தமிழில் சொன்னார். "யார் அந்த 'அவள்'னு கேக்கறாங்க."

இரண்டு பேரும் திரும்பாமலேயே கட்டைவிரலைப் பக்கத்தில் காட்டினார்கள்.

மிஸ் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். அந்த அம்மா மறுபடி ஏதோ சொன்னார். "நாற்காலிய திருப்பிப் போடச் சொல்றாங்க. நேருக்கு நேர். லேப்டாப்பப் பாத்துச் சொல்லக் கூடாதாம். இனிமே நீங்க ரெண்டு பேர் மட்டும்தான்."

நாற்காலிகள் தரையில் கீச்சிட்டன. கீழே பிரெஞ்சு வகுப்பில் யாரோ எதையோ திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் மேலே வந்தது. நான் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டேன். பேசு அரசி... யாராவது ஒருத்தி பேசுங்களேன்...

என் பெண்தான் பேசினாள். ஒத்திகையில் இல்லாத வரி.

"கெரீயா கே அப்லாராஸ் கோன்மீகோ."

அர்த்தத்தைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். 'நீ என்னிடம் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.' அப்லாராஸின் வாலில் இருக்கிற அந்த 'ஸ்'தான் 'நீ'. அத்தனை நாள் கழித்து 'அவங்க' இல்லாமல் ஒரு வாக்கியம்!

ஜோஸ்லினின் குரல் ரொம்பச் சின்னதாக வந்தது. "சி அப்லாரா... யோராரீயாஸ்."

'நான் பேசினால், நீ அழுவாய்.'

லேப்டாப் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு வரியும் அவ்வளவு சுத்தமாம். அந்த இடத்தில் எழுந்து வந்திருந்தால் மார்க்கை அள்ளிக்கொண்டு வந்திருக்கலாம். வந்தார்களா?

"நான் ஏண்டி அழப் போறேன்?" என்றாள் அரசி. தமிழில். அழுதுகொண்டே.

"அழறியே லூசு!"

"வாஷிங் மெஷின் குடுக்க வந்தப்பதான் எனக்குத் தெரியணுமாடி? தெருவுல இருக்கறவங்களுக்கெல்லாம் தெரியும், எனக்குத் தெரியாதா?"

"சொன்னா அன்னைக்கே நீ பேசறத நிறுத்திடுவன்னு எனக்குத் தெரியும். நிறுத்தினியா இல்லையா?"

"உனக்கு இன்னாடி, ஜாலியா ஃபிரான்ஸ் போவ. அங்க போய்ப் புதுசு புதுசா ஃபிரெண்ட் புடிப்ப."

"ஜாலியா? எனக்கு பிரெஞ்சு பேசத்தான்டி வரும், நாலு வரி சேத்து எழுத வராது! எழுதக் கத்துக்கோன்னு எங்க வீட்ல கீழ கிளாஸுக்குத்தான் அனுப்பினாங்க. நீ மேல வந்தியேன்னு நானும் மேல வந்தேன். உன்கூட உக்காரத்தான்டி வந்தேன்! இப்ப அங்க லிசேல என்ன ரெண்டு கிளாஸ் கீழ, சின்னப் பசங்களோட உக்கார வைப்பாங்களாம். போதுமா? ரொம்ப ஜாலி!"

லிசே என்றால் அங்கத்திய மேல்நிலைப்பள்ளி. மிஸ் அதை விளக்கவில்லை. யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

அரசி நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டாள்.

"...இத ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"நீதான் கேக்கவே இல்லையே."

கேட்கவே இல்லை. உள்ளே அவளும் கேட்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த, ஊரில் எல்லோரிடமும் எல்லாமும் கேட்கிற அவளுடைய அப்பனும் கேட்கவில்லை.

அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். யார் மூக்கு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. லேப்டாப் அம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். அவர் கேட்க, மிஸ் நீளமாக ஏதோ விளக்க, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பதில் சொன்னார்.

மிஸ் மொழிபெயர்த்தார். "ஸ்பானிஷ்ல பேசின வரி ரெண்டும் ரொம்ப நல்லாருந்துச்சாம். மீதிக்கு மார்க் போட அவங்களுக்குத் தமிழ் தெரியாதாம்."

ஆக, ஃபெயில். ஜூலையில் மறுபரீட்சை. அதற்குள் ஜோஸ்லின் போய்விடுவாளே? அவள் அங்கிருந்தே லேப்டாப்பில் வரலாம் என்று மிஸ் சொல்லிவிட்டார். ஆனால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத்தான் பேச வேண்டுமாம். நிபந்தனை!

திரும்பி வரும்போது வேனில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. "ஜன்னல மூடட்டுமாம்மா?" என்று நானாகக் கேட்டுப் பார்த்தேன். பின்சீட்டில் அத்தனை நாள் பேச்சும் ஒரே நேரத்தில் வந்துகொண்டிருந்தது. ஒருத்தி முடிக்குமுன் இன்னொருத்தி. எனக்குப் பின்னால் ஒரு பஸ்காரர் ஹாரன் அடித்ததே எனக்குக் கேட்கவில்லை. அவர் முந்திக்கொண்டு போகும்போது தலையை நீட்டி ஏதோ சொன்னார். அதுவும் கேட்கவில்லை. அது நல்லதுதான் என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

இந்த வாரத்திலிருந்து ஜோஸ்லின் கீழே பிரெஞ்சு எழுத்து வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். ஜூனுக்குள் முடிந்தவரை எழுதிப் பழக வேண்டும். அவள் பக்கத்து இடத்தில் யார்? அரசி.

"உனக்கு பிரெஞ்சுல ஒரு எழுத்து தெரியாது. அங்க போய் இன்னாடி பண்ற?" என்று சுமதி கேட்டாள்.

"அவகூட உக்கார்றேன்மா."

"உக்காந்து?"

"அவ எழுதறப்ப போன நோண்டாம பாத்துக்கறேன்."

உத்தியோகம் ஒன்றும் மோசமில்லை. சார் சொல்லச் சொல்ல ஜோஸ்லின் எழுதுகிறாளாம். என் பெண்ணுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லையாம். ஆனால் சார் முகம் சுளித்தால் மட்டும் பக்கத்தில் முழங்கையால் ஒரு இடி. அதற்கு எந்த மொழியும் வேண்டாமே!

ஜூன் வரத்தான் போகிறது. விமானமும் கிளம்பத்தான் போகிறது. எந்த வாலை வெட்டி எதை ஒட்டினாலும் அது மாறாது. அரசிக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ, வகுப்பு முடிந்ததும் இருவரும் உடனே வண்டியில் ஏறுவதில்லை. வாசலில் நின்று பேசுகிறார்கள். நானும் ஹாரன் அடிப்பதில்லை.

பிள்ளைகளே, உங்களில் யாராவது யாரிடமாவது கா விட்டிருந்தால், உடனே போய்ப் பழம் விடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லப் பெரியவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்தான் அதைச் சத்தமாகச் சொல்வார்கள். நான் சொல்வது வேறு. நேராகப் போங்கள். எதிரே நில்லுங்கள். நன்றாக, வாய்விட்டு ஒரு சண்டை போடுங்கள்.

சண்டை போடவாவது பேசித்தானே ஆக வேண்டும்!